ஜீப்புக்கு வைத்த ஆப்பு

பஞ்சாபகேசன் ஜீப் வாங்கியதைக் கரமனை அக்கிரகாரம் எப்படியோ பொறுத்துக்கொண்டது. அந்த ஜீப்பை அவர் உயரம் கூட்டியதைத்தான் யாராலும் ஜீரணிக்க முடியவில்லை. அவர் மனைவி லலிதாம்பாளால் சுத்தமாக முடியவில்லை.

மனுஷன் வாகன இன்ஷூரன்ஸ் சர்வேயர். மோதி நசுங்கிய வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, "இது மோதினதுல போனது, அது முன்னாடியே போனது" என்று தீர்ப்புச் சொல்வது உத்தியோகம். 2002 மழைக்காலத்தில் தம்பானூரில் தண்ணீர் கட்டி நின்றபோது அவருடைய பழைய கார் நடுரோட்டில் இருமி இருமி அணைந்துபோயிற்று. சீட்டின் மேல் காலை மடித்து வைத்துக்கொண்டு உதவிக்குக் காத்திருந்தவரைத் தாண்டி, உயரமான ஜீப் ஒன்று தண்ணீரை இரண்டு பக்கமும் வாரியடித்தபடி படகு மாதிரிப் போனது. ஓட்டிக்கொண்டு போனவன் இவரைப் பார்த்துச் சிரித்துக் கையை வேறு ஆட்டினானாம். எல்லாம் அந்தக் கையாட்டலால் வந்த வினை என்பது லலிதாம்பாளின் முடிவு.

மழை விட்டதும் அரசாங்க ஏலத்தில் ஒரு பழைய டீசல் ஜீப்பை எடுத்தார். நேரே கிள்ளிப்பாலத்தில் சுவாமிதாஸின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினார். சுவாமிதாஸ் பாறசாலைக்காரர். கை சுத்தம், வாய் இனிப்பு. யார் எதைக் கேட்டாலும் "அது முடியாது" என்று சொல்ல வராது. அது ஒன்றுதான் அவரிடம் இருந்த கோளாறு.

"பொக்கம் கூட்டணும், சுவாமிதாஸ். தம்பானூர்ல எவ்வளவு தண்ணி நின்னாலும் உள்ள வரப்படாது."

"அதுக்கென்ன சாமி, கூட்டிருவோம்!"

உயரத்தைக் கூட்டிவிட்டார். டயர்கள் லலிதாம்பாளின் இடுப்புக்கு வந்தன. புடவை கட்டிக்கொண்டு ஏறுவதற்கு ஒரு முக்காலி தேவைப்பட்டது. போகிற இடத்தில் இறங்கவும் அது வேண்டுமென்பதால் முக்காலியும் கூடவே பயணம் செய்தது. அவள் ஏறும்போதெல்லாம் தெருப் பிள்ளைகள் ஓடி வந்து, "மாமி ஆனை ஏறறா!" என்று கூவின. லலிதாம்பாளும் ஒரு கட்டத்தில் மேலே இருந்து கும்பிடு போடப் பழகிக்கொண்டாள்.

ஆட்டம் ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. லலிதாம்பாளோடு தொலைபேசி நிலையத்தில் வேலை பார்க்கும் ஷைலஜா விழிஞ்ஞத்தில் வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். லலிதாம்பாள் ஒரு பெரிய பாத்திரம் நிறைய அடைப்பிரதமன் பாயசம் செய்து, மடியில் வைத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பைபாஸில் வண்டி நன்றாகத்தான் போயிற்று. திருவல்லம் பாலத்தில் ஏறும் இடத்தில், ரோடும் பாலமும் சேருகிற இணைப்பில் முன்சக்கரம் 'டக்' என்று ஏறி இறங்கியது. அவ்வளவுதான். ஸ்டியரிங் பஞ்சாபகேசனின் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளப் பார்த்தது. முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக வெட்ட ஆரம்பித்தன. பானெட் படபடத்தது, கண்ணாடி அதிர்ந்தது, பஞ்சாபகேசனின் கன்னங்கள்கூடத் தனித்தனியாக ஆடின. "அய்யய்யய்யய்யோ" என்று அவர் சொன்ன ஒரே வார்த்தை பாலத்தின் பாதி வரை நீண்டது.

பிரேக்கை மிதித்து, வண்டி கிட்டத்தட்ட நின்றபிறகுதான் ஆட்டம் அடங்கியது. அடங்கியதும், ஒன்றுமே நடக்காத மாதிரி இன்ஜின் சாதுவாக முனகிக்கொண்டிருந்தது. லலிதாம்பாள் குனிந்து பார்த்தாள். அடைப்பிரதமன் அவள் மடியில் இருந்தது. பாத்திரத்தில் இல்லை.

"ரோடு சரியில்லை" என்றார் பஞ்சாபகேசன்.

"ஆமாம். ரோடுதான் என் பட்டுப்புடவையில ஏறி உட்கார்ந்துண்டிருக்கு" என்றாள் அவள்.

அதற்கடுத்து வந்த மாதங்களில் பஞ்சாபகேசன் ஆட்டத்தோடு போர் தொடுத்தார். முதலில் சக்கரங்களை பேலன்ஸ் பண்ணினார். அடுத்து, ஸ்டியரிங்கையும் சக்கரங்களையும் இணைக்கும் கம்பிகளின் மூட்டுகளை முழுக்கப் புதிதாக மாற்றினார். சக்கர பேரிங், கிங்பின் பேரிங் என்று வரிசையாகப் போயிற்று. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். உடைத்த கையோடு கிழக்கேகோட்டையைத் தாண்டுவதற்குள் ஒரு குழியில் விழுந்து வண்டி மறுபடியும் ஆடியது. கடைசியில் சுவாமிதாஸ் ஸ்டியரிங் கம்பிக்குக் குறுக்கே ஆட்டத்தை அமுக்கும் ஷாக் ஒன்றை மாட்டிவிட்டார். அதன்பின் கொஞ்ச நாள் வண்டி பரம சாதுவாக இருந்தது. "சரியாயி, லலிதா! முழுக்கச் சரியாயி!" என்று பஞ்சாபகேசன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். சொல்லி முடித்த வாரத்திலேயே அந்த ஷாக்கையும் சேர்த்து ஆட்டிக்கொண்டு பழைய வியாதி திரும்பியது. முன்னைவிட ஆவேசமாக.

லலிதாம்பாள் அன்றோடு முக்காலியை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டாள்.

"இனிமே நான் சிட்டி பஸ்தான்."

"கணவன் ஜீப்பில போறப்போ மனைவி பஸ்ல போனா ஊர் என்ன சொல்லும்?"

"மனைவி சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டான்னு சொல்லும்."

அது உண்மையாகவும் இருந்தது. ஆட்டத்துக்குப் பயந்து பஞ்சாபகேசன் நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினார். கரமனைப் பாலத்தில் தினமும் காலையில் அவளுடைய பஸ் அவருடைய ஜீப்பைத் தாண்டிக்கொண்டு போகும். ஜன்னலோரத்திலிருந்து அவள் கையை ஆட்டுவாள். தம்பானூர் வெள்ளத்தில் கையாட்டியவனைவிட இவள் ஆட்டுவதுதான் அதிகம் வலித்தது என்று பிறகு ஒரு நாள் ஒத்துக்கொண்டார்.

உள்ளுக்குள் அவளுக்கு அந்த ஆட்டத்தின் மேல் ஒரு கண் இருந்தது. தொலைபேசி நிலையத்தில் பழுது பிரிவில் பதினெட்டு வருஷ உத்தியோகம். போன் வேலை செய்யவில்லை என்று புகார் வந்தால், கோளாறு நிலையத்துக்குள் இருக்கிறதா, பூமிக்கடியில் போகிற கேபிளிலா, வீட்டில் இருக்கும் கருவியிலா என்று பிரித்துப் பிரித்துப் பார்த்து, இல்லாத இடங்களை ஒவ்வொன்றாகத் தள்ளுவது அவள் வேலை. கோளாறு எங்கே என்று தெரியாமலே ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போகும் கணவரைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உள்ளங்கை அரித்தது.

ஒரு சனிக்கிழமை காப்பி ஆனதும் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"ஏன்னா, ஏறி உட்காருங்கோ. இன்ஜினைப் போட வேண்டாம். ஸ்டியரிங்கை மட்டும் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்னு ஆட்டிண்டே இருங்கோ."

"நீ என்ன பண்ணப் போறே?"

"கீழ போகப் போறேன்."

போனாள். உயரம் கூட்டியதில் ஒரே ஒரு லாபம் இருந்தது. வண்டிக்கு அடியில் ஒரு பாயைப் போட்டு வசதியாகச் சாய்ந்து உட்கார முடிந்தது. மேலே அவர் ஆட்ட, கீழே அவள் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலைக் குறுக்கே வைத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் ஒரு நொடி தாமதித்து அசைந்தால் அங்கே தளர்ச்சி என்று அர்த்தம். அக்கிரகாரத்தில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் நின்றார்கள். எதிர்வீட்டு அனந்தபத்மநாபன், ரிட்டயரான வாத்தியார், தலையைச் சாய்த்து வண்டிக்கடியில் எட்டிப் பார்த்தார்.

"லலிதா, ஏதாவது விழுந்துடுத்தா?"

"இல்லை மாமா. ஏதாவது விழுமான்னு பார்த்துண்டிருக்கேன்."

எதுவும் விழவில்லை. ஒரு மூட்டுகூடத் தளரவில்லை. எல்லாம் புதுசு, எல்லாம் கெட்டி. லலிதாம்பாள் கையெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தாள். முகத்தில் ஏமாற்றம் இல்லை.

"பார்த்தியா, ஒண்ணுமில்லை" என்றார் பஞ்சாபகேசன், எதற்கென்று தெரியாத ஒரு பெருமையோடு.

"அதுதான் நல்ல சேதி. மாத்தின சாமான் எதிலயும் தப்பில்லை. அப்போ மாத்தாத இடத்துல இருக்கு."

"மாத்தாத இடம்னு வண்டில ஒண்ணுமே இல்லையேடி!"

அவளுக்கும் அந்த இடம் எதுவென்று தெரியவில்லை. திங்கட்கிழமை தெரிந்தது. கேபிள் வேலை ஒன்றைப் பார்க்க அலுவலக ஜீப்பில் பேட்டை வரை போனாள். அதுவும் அதே ஜாதி ஜீப்தான், உயரம் கூட்டாதது. டிரைவர் வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினார். வளைவு முடிந்ததும் பிடியை விட்டார். ஸ்டியரிங் அவர் உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு தானாகவே சுழன்று நேராக வந்து நின்றது. லலிதாம்பாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை திருப்புங்கோ."

"எவிடேக்கு, சாரே?"

"எங்கேயாவது."

டிரைவர் பாவம், பேட்டைச் சந்தியை ஒரு பிரதட்சணம் செய்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டியரிங் சொன்னபடி கேட்டு வீடு திரும்பியது. அன்று சாயங்காலம் அவள் முக்காலியை எடுத்து வந்து கணவரின் ஜீப்பில் ஏறினாள். பஞ்சாபகேசனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவள் அவரைப் பார்க்கவில்லை, அவர் கைகளையே பார்த்தாள். கரமனை ஜங்ஷனில் திரும்பியதும், கிணற்றில் நீர் இறைக்கிற மாதிரி, மாறி மாறிக் கையைப் போட்டு அவர் ஸ்டியரிங்கை இழுத்து நேராக்கினார்.

"எப்போதிலேர்ந்து இப்படி இழுத்து இழுத்துத் திருப்பறேள்?"

அவர் யோசித்தார். "பொக்கம் கூட்டினதுலேர்ந்துதான். டயர் பெரிசில்லையா, அதனாலன்னு நெனச்சேன்."

"வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு விடுங்கோ."

சுவாமிதாஸ் அவர்களைக் கண்டதும் வழக்கம்போல மலர்ந்தார். அவருக்கு அன்று மலர வேறு காரணமும் இருந்தது. மகள் சுமிக்குக் கல்யாணம். அழைப்பிதழ்களை ஓர் எண்ணெய்த் தகரத்தின் மேல் துணி விரித்து அடுக்கி வைத்திருந்தார். "சாமியும் மாமியும் குடும்பத்தோட வரணும், கேட்டியளா. பாறசாலையில எங்க பள்ளியிலதான், சர்ச்சுல. உங்களுக்குச் சைவம் தனியா உண்டு."

லலிதாம்பாள் ஜீப்பைப் பற்றிக் கேட்க வாயெடுப்பதற்குள் பஞ்சாபகேசனுக்கு மனசு பொங்கிவிட்டது. அவர் சுவாமிதாஸின் தோளில் கையைப் போட்டார்.

"சுவாமிதாஸ், ஒண்ணு சொல்றேன், மறுக்கப்படாது. சுமியை வீட்டிலேர்ந்து பள்ளிக்கு நம்ம ஜீப்பிலதான் கொண்டு போகணும். பூவெல்லாம் கட்டி, ஜம்முனு! நானே ஓட்டறேன்."

சுவாமிதாஸின் சிரிப்பு அப்படியே முகத்தில் காய்ந்துபோயிற்று.

"அது... அது வேண்டாம் சாமி."

"ஏன் வேண்டாம்?"

"இல்ல... வெயிலு அடிக்கும்."

"மேல படுதா இருக்கே."

"பூவு நிக்காது."

"கம்பியில கட்டிடலாம்."

"எனக்க மகளுக்கு ஒசரத்துல இருந்தா தல சுத்தும்."

பஞ்சாபகேசன் விடுகிற மாதிரி இல்லை. லலிதாம்பாள் மட்டும் சுவாமிதாஸின் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் என்ன கேட்டாலும் "அதுக்கென்ன" என்கிற மனுஷன் முதல்முறையாக வேண்டாம் என்கிறார். அதுவும் காரணத்துக்கு மேல் காரணமாக.

"சுவாமிதாஸ்" என்றாள் மெதுவாக. "அடிக்கடி நீங்க என்ன சொல்லுவேள்? வண்டிக்கு ஒண்ணுமில்லை, சின்ன வெட்டல்தான், பயப்பட வேண்டாம்னு. நாங்க ரெண்டு பேரும் அதுல போகலாம். உங்க பொண்ணு மட்டும் போகப்படாதா?"

சுவாமிதாஸ் பக்கத்தில் கிடந்த டயரின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"மாமி, சத்தியமாட்டு சொல்லுதேன். எனக்குத் தெரியும். தெரிஞ்சே சொல்லல்ல."

"ஸ்டியரிங் தானா நேரா வரல்லை. அதானே?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்த பார்வையில் பயமும் நிம்மதியும் சரிபாதி இருந்தன. எழுந்துபோய், சுவரில் சாய்த்திருந்த பழைய சைக்கிளை இழுத்துக்கொண்டு வந்தார்.

"இந்தா பாருங்க. முன்சக்கரத்துக்க கவை நேரா நிக்குதா? இல்ல. மேல்பக்கம் பொறத்தால, சீட்டுப் பக்கமாட்டு சாஞ்சு நிக்கும். அந்தச் சரிவு இருந்தாதான் கையை விட்டாலும் சைக்கிள் நேராட்டு ஓடும். ஜீப்புலயும் அந்தச் சரிவு உண்டு. நான் பொக்கம் கூட்டினப்போ, அச்சுல இருக்குத வில்லுப் பட்டைக்க முன்முனையை வண்டியோட கோக்குத தொங்கட்டானை எடுத்துட்டு நீளமா ஒண்ணு செஞ்சு போட்டேன். பட்டைக்க மூக்கு தாந்துபோச்சு. அதோட அச்சும் முன்னால குனிஞ்சுபோச்சு. சரிவு போச்சு. இப்பம் சக்கரத்துக்கு எங்கிட்டு நிக்கணும்னு தெரியாது. ஒரு குழி தட்டினா அங்கயும் இங்கயும் தேடும்."

"தேடறதா அது!" என்றார் பஞ்சாபகேசன். அடைப்பிரதமன் அவர் கண் முன்னால் வந்திருக்க வேண்டும். "ஊரெல்லாம் நசுங்கின வண்டிக்குத் தீர்ப்புச் சொல்றவன் நான். என்கிட்டயே ஏன்யா மறைச்சே?"

"சாமி அவ்வளவு ஆசையாட்டு கேட்டிய. இவ்வளவு பொக்கம் ஆவாதுன்னு சொல்ல நாக்கு வரல்ல. நாப்பதுக்கு மேல யாரு ஓட்டப்போறான்னு நெனச்சேன்."

லலிதாம்பாளுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. பல நாள் தேடிய கோளாறு கேபிளின் எந்த முனையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அவளுக்கு எப்போதுமே பசி எடுக்கும். இப்போதும் எடுத்தது.

"வழி உண்டா, இல்லையா?"

"உண்டு மாமி. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் இரும்பு ஆப்பு வைக்கணும். ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெலிசு. அச்சு பழையபடி பொறத்தால சாயும்."

"எனக்குத்தான் ஏற்கெனவே வெச்சுட்டேரே" என்று முணுமுணுத்தார் பஞ்சாபகேசன்.

ஆப்புகளை மறுநாளே பக்கத்து லேத்தில் சீவி எடுத்துப் பொருத்தினார்கள். குற்றவாளியே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது லலிதாம்பாளின் உத்தரவு. சுவாமிதாஸ் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். அவர் சபையில் அந்த வழக்கம் இல்லை, இருந்தாலும் போட்டுக்கொண்டார். பக்கத்தில் பஞ்சாபகேசன் ஏறினார். ஆப்பு வைத்தாகிவிட்டது என்ற தைரியத்தில் கால் மேல் கால் போட்டுக்கொண்டார். லலிதாம்பாள் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றாள்.

வண்டி கிளம்பி, ரோட்டில் ஏறி, நான்கு கடை தாண்டவில்லை. ஒரு சின்னக் கல் தட்டியது. அவ்வளவு மெதுவாகப் போகும்போது அதுவரை ஆடாத ஜீப், தேர்ச்சக்கரம் கழன்ற மாதிரி ஆடத் தொடங்கியது. உள்ளே இரண்டு தலைகள் ஒரே தாளத்தில் இடமும் வலமுமாக அசைவது அவளுக்குப் பின்னாலிருந்து தெளிவாகத் தெரிந்தது. காய்கறி வண்டிக்காரர் ஒருவர் மரியாதையாக ஒதுங்கி வழி விட்டார். ஜீப் நின்றது. பஞ்சாபகேசன் இறங்கி, காணாமல்போன ஒரு செருப்பைத் தேடினார்.

லலிதாம்பாள் புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து ஓடிப்போனாள்.

"முன்னைக்கும் மோசமாயிடுத்தே!" என்றார் பஞ்சாபகேசன்.

"ஆமாம்னா, ஆமாம்! இத்தனை நாள் என்ன மாத்தினாலும் அது பாட்டுக்கு ஆடித்து. இன்னிக்குத்தான் நாம தொட்டதுக்கு மறுமொழி சொல்லியிருக்கு. இடம் சரி. சுவாமிதாஸ், அந்த ஆப்புல தடிச்ச பக்கம் எங்க இருக்கு?"

சுவாமிதாஸ் வண்டிக்கடியில் நுழைந்தார். ஒவ்வோர் ஆப்பாகத் தட்டிப் பார்க்கும் சத்தம் வந்தது. பிறகு அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது, ரொம்பச் சின்னதாக.

"மாமி, திருப்பிப் போட்டுட்டேன்."

குனிந்திருந்த அச்சை நிமிர்த்துவதற்குப் பதில் இன்னும் நன்றாகக் குனிய வைத்திருந்தார். ஆப்புகளை எடுத்து, மூக்கும் வாலும் மாற்றி, பட்டையை அச்சோடு முறுக்கிக் கட்டியதும் மறுபடியும் கிளம்பினார்கள். இந்தத் தடவை அவளும் ஏறிக்கொண்டாள். முக்காலி வீட்டில் இருந்ததால் எண்ணெய்த் தகரத்தின் மேல் கால் வைத்து ஏறினாள். பைபாஸில் நாற்பது, ஐம்பது. பஞ்சாபகேசன் முன்னால் இருந்த கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். திருவல்லம் பாலத்து இணைப்பில் சக்கரம் 'டக்' என்றது. ஸ்டியரிங் ஒரு தடவை லேசாகச் சிலிர்த்தது, பிறகு பேசாமல் இருந்துவிட்டது. பாலம் முடிந்ததும் சுவாமிதாஸ் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

"கையை ஸ்டியரிங்ல வையும்!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

கல்யாணத்துக்கு ஜீப்பா, வாடகைக் காரா என்பதைக் கடைசியில் சுமியே தீர்த்தாள். ஒர்க்‌ஷாப்பில் நடந்ததெல்லாம் அவள் காதுக்குப் போய்விட்டிருந்தது. "அப்பா செஞ்ச வண்டியில அப்பா மொதல்ல உக்காரட்டும், பின்னே நானும் ஏறுதேன்" என்றாளாம். வெள்ளைப் புடவையும் முகத்திரையுமாக அவள் ஏறுவதற்கு மரப்படி ஒன்றை ஆசாரியிடம் சொல்லிச் செய்தார் சுவாமிதாஸ். வழி முழுக்க மகளுக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்து, ரோட்டில் வரும் ஒவ்வொரு குழியையும் முன்கூட்டியே பஞ்சாபகேசனுக்கு அறிவித்துக்கொண்டே வந்தார். பள்ளி வாசலில் இறங்கியபோது மணப்பெண் மலர்ச்சியாக இருந்தாள். அப்பாதான் வியர்த்து ஊறியிருந்தார்.

சைவப் பந்தியில் பஞ்சாபகேசன் பாயசம் மூன்று வகையையும் விட்டுவைக்கவில்லை. பக்கத்து இலைக்காரரிடம், அச்சுச் சரிவு என்றால் என்ன, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சாப்பாடு முடியும்வரை விளக்கினார். "நாங்க ரெண்டு பேருமாச் சேர்ந்து பிடிச்சோம்" என்று அவர் சொன்னதை லலிதாம்பாள் கேட்டாள். ஜீப்பின் ஸ்டியரிங்கை ஆட்டிக்கொண்டிருந்ததும் ஒரு வேலைதானே என்று விட்டுவிட்டாள்.

திரும்பும்போது அவருக்குக் கண் சொக்கியது. லலிதாம்பாள் சாவியை வாங்கிக்கொண்டாள். லைசென்ஸ் இருந்தது, அந்த ஜீப்பை ஓட்டும் எண்ணம்தான் இதுவரை வந்ததில்லை. பாறசாலையிலிருந்து வரும் வழியில் வேலிகளுக்கும் மதில்களுக்கும் மேலாக எல்லாம் தெரிந்தது. காயப்போட்ட ரப்பர் ஷீட், ஒரு வீட்டு முற்றத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்த நான்கு பெண்கள், கிணற்று மேடையில் தூங்கும் பூனை. பஸ் ஜன்னலிலிருந்து இதெல்லாம் தெரியாது. ஒரு வளைவில் திருப்பிவிட்டுப் பிடியைத் தளர்த்தினாள். ஸ்டியரிங் உள்ளங்கைக்குள் வழுக்கிச் சுழன்று நேரே வந்து நின்றது. நன்றாக இருக்கிறதே என்று அடுத்த வளைவிலும் செய்தாள்.

பஞ்சாபகேசன் ஒரு கண்ணைத் திறந்தார்.

"லலிதா, எவ்வளவுல போறே?"

"தூங்குங்கோ" என்றாள் அவள், முன்னால் போய்க்கொண்டிருந்த பஸ்ஸைத் தாண்டியபடி.